முடக்கியவர் யார் என்று சொல்லட்டும்

நடுவர் அவர்களுக்கும், தறிச் சத்தத்தோடு கண் விழிக்கும் இந்தக் காஞ்சி மாநகரத்துப் பெருமக்களுக்கும் வணக்கம்.

‘இணையத்தில் வருவதை அரசு முடக்குவது மக்களுக்குக் காப்பா, இழப்பா?’ காப்பு என்று எதிரணியினர் மூவரும் உருக்கமாகவே பேசிவிட்டுப் போனார்கள். அவர்கள் காட்டிய ஆபத்துகள் எதுவும் பொய்யில்லை. அந்த ஆபத்துக்கு இந்த மருந்து பொருந்தாது, மருந்தே நோயாகிவிட்டது என்பதுதான் இந்த அணியின் வழக்கு.

அவர்கள் சொன்ன சம்பவத்திலிருந்தே தொடங்கலாம். 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூர். குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு காரில் போன 65 வயது அம்மா, வழியில் நின்ற குழந்தைகளுக்குச் சாக்லெட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தியை நம்பிய கூட்டம் அவரை அடித்தே கொன்றது. நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. ஆனால் எதிரணியினரே, அன்று எந்தப் பக்கத்தை முடக்கியிருப்பீர்கள்? அந்த வதந்திக்கு முகவரி கிடையாது. அது ஒரு கைப்பேசியிலிருந்து இன்னொன்றுக்கு, சித்தப்பாவிடமிருந்து மாமாவுக்கு என்று தாவிக்கொண்டிருந்தது. அதைத் தணித்தது காவல்துறை ஊர் ஊராகப் போய்ப் பேசிய பேச்சு. அந்த ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து அரட்டைகளுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் கொண்டுவந்த கட்டுப்பாடும் கைகொடுத்தது. செய்தி ஓடும் வேகத்தைத்தான் குறைத்தார்கள். எவர் வாயையும் பூட்டவில்லை.

அடுத்து 2023 மார்ச். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள், கொல்கிறார்கள் என்று காணொளிகள் பரவின. இந்த மாவட்டத்துக்கு இது யாரோ ஒருவர் கதையில்லை. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் ஆலைகள் ஓடுவதே வடமாநிலத்துத் தொழிலாளர்களின் உழைப்பையும் சேர்த்துத்தான். அந்தப் பொய் எப்படி விழுந்தது? டிஜிபி சைலேந்திரபாபு நேராகத் திரைக்கு வந்து மறுத்தார். பீகார் அரசின் அதிகாரிகள் குழு இங்கே வந்து கண்ணால் பார்த்தது. உண்மை சரிபார்க்கும் ஊடகத்தினர் ஒவ்வொரு காணொளியாக எடுத்து, இது வேறு மாநிலத்தில் நடந்தது, இது வேறு தகராறு என்று பிரித்துக் காட்டினார்கள். பரப்பியவர்கள்மீது பெயர் சொல்லி வழக்குப் பதிவானது. அவர்களால் நீதிமன்றத்தில் நின்று வாதாடவும் முடிந்தது. உண்மை வெளிச்சத்துக்கு வந்ததால் அந்தப் பொய் விழுந்தது.

இனி மருந்தின் கதை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு, இணையப் பக்கத்தை முடக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. அதை எப்படிச் செய்வது என்று 2009-ல் விதிகள் வகுத்தார்கள். அதில் 16-ஆம் விதி, புகாரையும் அதன்மேல் எடுத்த நடவடிக்கையையும் ரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது. யார் கேட்டார், எதற்காகக் கேட்டார், யார் கையெழுத்துப் போட்டார் என்பது எழுதியவருக்கும் படிப்பவருக்கும் தெரியாமலே போகலாம். நாடாளுமன்றத்தில் அரசே தந்த கணக்குப்படி, 2018-ல் முடக்க உத்தரவான இணைப்புகள் 2,799. இரண்டே ஆண்டில், 2020-ல், அது 9,849. இந்த ஆயிரக்கணக்கான உத்தரவுகளில் எது நியாயம், எது அநியாயம் என்று இந்த மன்றத்தில் எவராவது சொல்ல முடியுமா? எதிரணியினராலும் முடியாது. படித்துப் பார்த்தால்தானே சொல்ல முடியும்!

விகடனையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அந்த ஒரு பத்திரிகைக்கு அச்சுக் காலத்திலும் இணையக் காலத்திலும் அடி விழுந்திருக்கிறது.

1987-ல் ஆனந்த விகடன் அட்டையில் சட்டமன்ற உறுப்பினர்களையும் அமைச்சர்களையும் கேலி செய்து ஒரு நகைச்சுவை வந்தது. ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் என்று தமிழ்நாடு சட்டமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு சிரிப்புக்கு மூன்று மாதம் சிறை! நாடே கொதித்தது. சில நாட்களிலேயே அவரை விடுவிக்க வேண்டியதாயிற்று. அவர் அதோடு விடவில்லை, உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 1994-ல் அந்தக் கைது தவறு என்று தீர்ப்பாகி, இழப்பீடாக 1,000 ரூபாய் வந்தது. எத்தனை பெரிய அநியாயம் அது! ஆனாலும் செய்தது யார் என்று ஊருக்குத் தெரியும். எந்த அவை, எந்த நாள், என்ன காரணம் என்பதெல்லாம் அவைக் குறிப்பில் இருந்தது. அதனால்தான் எதிர்த்து நிற்க முடிந்தது.

2025 பிப்ரவரிக்கு வாருங்கள். அமெரிக்கா இந்தியர்களை விலங்கிட்டு விமானத்தில் திருப்பி அனுப்பிய நேரம். அதிபர் டிரம்ப்புக்குப் பக்கத்தில் பிரதமர் மோடி விலங்கோடு அமர்ந்திருப்பதாக ஒரு கார்ட்டூன் விகடனின் இணைய இதழில் வந்தது. பிப்ரவரி 15 அன்று வாசகர்கள் பலருக்கு விகடன் தளமே திறக்கவில்லை. முடங்கியது அந்தக் கார்ட்டூன் வந்த பக்கம் மட்டுமல்ல. சமையல் குறிப்பு, விவசாயம், சிறுகதை, மருத்துவம், அரசியல் என்று மொத்தத் தளமும் போனது. காரணம் சொல்லும் அரசு அறிவிப்பு எதுவும் வாசகர்முன் வைக்கப்படவில்லை. மார்ச் 6-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், அந்தக் கார்ட்டூனைத் தற்காலிகமாக நீக்கினால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்று சொன்ன பிறகே வழி பிறந்தது. ஒரு படத்துக்காகச் சுமார் மூன்று வாரம் ஒரு பத்திரிகையின் கதவு சாத்தப்பட்டது. விகடனுக்கு வழக்கறிஞர் வைக்க வசதி உண்டு. பிள்ளையார்பாளையத்தில் தறி மேடையிலிருந்தபடியே கூலி நிலவரத்தைப் பேசிக் காணொளி போடும் ஒரு நெசவாளி முடக்கப்பட்டால், அவர் யார் கதவைத் தட்டுவார்?

“அப்படியானால் எதையும் யாரும் போடலாமா?” என்று எதிரணித் தலைவர் கேட்டார். கூடாது. ஒரு பெண்ணின் அந்தரங்கப் படம் பரவினால், அவர் புகார் கொடுத்த 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021-ல் வந்த விதிகள் வகுத்தன. அதை இந்த அணி முழு மனதோடு ஆதரிக்கிறது. அங்கே புகார் தருபவர் பாதிக்கப்பட்டவர். நீக்கப்படுவது அந்தப் படம். சண்டை ஒழுங்குமுறையோடு இல்லை, இருட்டில் நடக்கும் ஒழுங்குமுறையோடுதான்.

ஒழுங்குமுறை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு வெளியூரில் தேட வேண்டாம். விசைத்தறியில் ஓட்டிய செயற்கை இழைச் சேலையைக் ‘காஞ்சிப் பட்டு’ என்று இணையத்தில் விற்கிறார்கள். கரையைக் கோர்வையில் கோத்து, முந்தானையைப் பெட்னியில் இணைத்து, வாரக்கணக்கில் உட்கார்ந்து நெய்தவரின் சோற்றில் மண் விழுகிறது. இதுவும் இணையத்தில் உலவும் பொய்தான். இதற்கு நாடு என்ன செய்தது? 2005-ல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. செயற்கைச் சேலையை எவரும் விற்கலாம், அந்தப் பெயரைத்தான் ஒட்டக்கூடாது. ஒட்டினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை என்று சட்டப் புத்தகத்திலேயே அச்சாகியிருக்கிறது. ‘கைத்தறிக்கென்றே சில ரகங்களை ஒதுக்கி, விசைத்தறிக்குத் தடையே போட்டிருக்கிறார்களே’ என்று எதிரணியினர் கேட்கலாம். சரியான கேள்வி. 1985-ல் வந்தது அந்தச் சட்டம். விசைத்தறிக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1993-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. எந்தெந்த ரகம் என்று அரசிதழில் பட்டியல் இருக்கிறது. தடை போட்டவர், தடைக்கு ஆளானவர், காரணம், தீர்ப்பு எல்லாம் வெளிச்சத்தில். இந்த ஊர்ப் பெருமாள் கோயிலில் பிரபந்தம் ஓதுவது பற்றி வடகலையாரும் தென்கலையாரும் நூறாண்டுக்கு மேலாக நடத்தும் வழக்கில்கூட இரு தரப்பின் பேச்சும் எழுத்தில் உண்டு. சேலைக்கும் பிரபந்தத்துக்கும் கிடைக்கும் அந்த மரியாதை கருத்துக்குக் கிடைக்க வேண்டாமா?

வெளிச்சத்தில் கொடுத்த தண்டனையை எதிர்த்து எழ முடியும் என்பதற்கும் இந்த ஊரே சாட்சி. இங்கே பிறந்து, 1942-ல் இங்கிருந்தே ‘திராவிட நாடு’ இதழை நடத்தியவர் அண்ணா. ‘ஆரிய மாயை’ எழுதியதற்காக 1950-ல் சிறைக்குப் போனார். 1967-ல், தன்னைச் சிறையில் வைத்த அதே மாநிலத்துக்கு முதலமைச்சரானார். எம்.ஆர். ராதாவின் நாடகங்களைக் குறிவைத்து 1954-ல் வந்த நாடகச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013-ல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. தாமதமான நீதிதான். ஆனாலும் அச்சிட்ட சட்டமாக இருந்ததால் அதை எதிர்த்து வழக்காட முடிந்தது.

ஆகவே நடுவர் அவர்களே, இந்த அணி கேட்பது பெரிதல்ல. ஒரு பக்கத்தை முடக்கினால், எந்தச் சட்டப்படி, என்ன காரணத்துக்காக என்ற உத்தரவு அதே பக்கத்தில் தெரியட்டும். எழுதியவருக்கு முன்கூட்டியே கடிதம் போகட்டும். குற்றம் ஒரு படத்தில் என்றால் அந்தப் படத்தோடு நிற்கட்டும், தளத்தையே சாத்த வேண்டாம். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. 2009-ல் விதிகளை வகுத்த அதே மத்திய அரசு, ஓர் அரசிதழ் அறிவிப்பில் 16-ஆம் விதியைத் திருத்திவிடலாம். அதுவரை முடக்கம் இழப்பே என்று தீர்ப்பளிக்குமாறு கேட்டு அமர்கிறது இந்த அணி.