நால்வர் சுமந்த படுக்கை
(பொன்விழாவையொட்டி நடந்த அன்னையர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா என்றதும் கோவிலுக்கு வர்ணம் பூசினோம், கொடிமரத்தைப் புதுப்பித்தோம். நல்லதே. ஆனால் இவ்வேளையில் நாம் மறக்கக் கூடாத சிலர் உண்டு. நடக்க இயலாத பிள்ளையை இடுப்பில் சுமந்து, திண்டிவனத்தில் பஸ் ஏறி, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்குச் செல்லும் தாய்மாரே அவர்கள்.

பிள்ளை வளர வளரச் சுமையும் வளர்கிறது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, இரவில் புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் ஒருத்தியின் வேலை. உறக்கம் குறைகிறது, முதுகு நோகிறது, கூலி போகிறது. ஓயாத அழுகை, எரிச்சல், எதிலும் நாட்டமின்மை, "எனக்குப் பின் இவனுக்கு யார்?" என்ற அச்சம் ஆகியவை அவளை வாட்டுகின்றன. இது விசுவாசக் குறைவன்று. இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தால் மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்ட வேண்டும். 2022இல் மத்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

இச்சுமையோடு நாம் இன்னொன்றையும் ஏற்றுகிறோம். "என்ன பாவம் செய்தாளோ?" என்கிறோம். பிறவிக் குருடனைக் கண்டு சீடர்கள் இவ்வாறே கேட்டபோது, பெற்றோர்மீது பழிபோட ஆண்டவர் சம்மதிக்கவில்லை. மருத்துவமும் அதையே காட்டுகிறது. குறைமாதப் பிறப்பு, பிறக்கையில் மூச்சுத்திணறல், கடும் மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் போன்றவற்றால் மூளை முடக்குவாதம் வருகிறது. தாயின் பாவத்தால் அன்று.

சென்னையில் 1985இல் வித்யாசாகர் நிறுவனத்தைத் தொடங்கிய பூனம் நடராஜன், இத்தகைய பிள்ளையைப் பெற்ற தாயே. பின்னர் அவர், 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசிய அறக்கட்டளையின் தலைவராகவும் பணியாற்றினார். தாயின் துயரத்தோடு பலர் கைகோத்தால் எத்துணை நன்மை விளையும் என்பதற்கு இது சான்று.

மாற்கு நற்செய்தியில் முடக்குவாதக்காரனை நால்வர் சுமந்து வந்தார்கள், கூரையையும் பிரித்தார்கள். நம் ஊரிலோ ஒருத்தியே சுமக்கிறாள். மற்ற மூவர் எங்கே?

தந்தைமாரே, இரவில் ஒரு முறையாவது நீங்கள் எழுந்து பிள்ளையைப் புரட்டிப் படுக்கவையுங்கள். மாமியார்மாரே, மருமகளைக் குத்திப் பேசாதீர்கள். மரியாயின் சேனைச் சகோதரிகளே, வாரத்தில் இரண்டு மணி நேரம் பிள்ளையோடு இருந்து, தாயை உறங்க விடுங்கள். வின்சென்ட் தே பவுல் சபையாரே, விழுப்புரத்திலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு அடையாள அட்டைக்காகவும் உதவித்தொகைக்காகவும் அலையும் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

தாய்மாரே, உதவி கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். நீங்கள் களைத்துப்போவது உங்கள் அன்பு குறைந்ததால் அன்று. நால்வரின் சுமையை ஒருவராகச் சுமப்பதால்தான். நம் பங்கில் இனி அப்படி ஒரு தாயும் இராதிருந்தால், அதுவே இப்பொன்விழாவின் மெய்யான காணிக்கை. இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக!