பந்தைப் பார்த்துச் சொல்ல மீசை வேண்டுமா?

(மாதர் சங்கமும் விளையாட்டுக் கழகமும் சேர்ந்து தோட்டத்து வாசிகசாலையில் நடத்திய கூட்டத்தில், எமது நிலையத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





சுகாதாரம், சேமிப்பு, குடிதண்ணீர், பிள்ளைகளின் படிப்பு என்று எத்தனையோ விடயங்களை நாம் உங்களோடு பேசியிருக்கிறோம். இன்றைக்குப் பேசப் போவது உதைபந்தாட்டத்தைப் பற்றி. "இதென்ன, இவங்க பந்து விளையாட்டப் பத்திப் பேச வந்துட்டாங்க" என்று சிலர் சிரிக்கலாம். சிரியுங்கள், ஆனால் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். விஷயம் பந்தைப் பற்றியது மட்டுமல்ல, வாயைப் பற்றியதும்தான். யார் பேசலாம், யார் பேசினால் மற்றவர்கள் காது கொடுப்பார்கள் என்பதைப் பற்றியது.

உலகக் கிண்ணப் போட்டி வந்துவிட்டால் லயத்தில் எத்தனையோ வீடுகளில் நடுச்சாமம் வரைக்கும் ரி.வி. ஓடும். படத்தோடு ஒரு குரலும் வரும். பந்து யாரிடம் இருக்கிறது, யார் யாருக்குக் கொடுத்தார், மத்தியஸ்தர் ஏன் விசில் ஊதினார் என்று அந்தக் குரல் சொல்லிக்கொண்டே போகும். இதைத்தான் நேர்முக வர்ணனை என்கிறோம். இது லேசான வேலையல்ல. இருபத்திரண்டு பேரையும் தூரத்திலிருந்தே ஓட்டத்தையும் நடையையும் வைத்து அடையாளம் காண வேண்டும். வாயில் நுழையாத பெயர்களையும் சரியாக உச்சரிக்க வேண்டும். சட்டம் தெரிய வேண்டும். எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்பதும் தெரிய வேண்டும். கண்ணும் வாயும் மூளையும் ஒன்றாக ஓட வேண்டிய தொழில் அது.

இந்தத் தொழிலுக்கு என்னென்ன வேண்டும் என்று சொன்னோமே, அதில் மீசை எங்கேயாவது வந்ததா? வரவில்லை. ஆனால் உலகம் மீசையைத்தான் முதலில் பார்த்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறோம்.

இங்கிலாந்தில் பி.பி.சி. தொலைக்காட்சியில் 'மேட்ச் ஒப் த டே' என்று ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. 1964ஆம் ஆண்டு தொடங்கியது. அதிலே ஒரு பெண் முதன்முதலாக வர்ணனை செய்தது 2007ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி. கணக்குப் பார்த்தால் நாற்பத்து மூன்று வருஷம். அவருடைய பெயர் ஜாக்கி ஓட்லி. ஆட்டம், புல்ஹாம் அணிக்கும் பிளக்பேர்ன் அணிக்கும் இடையில். அவர் தாமே பந்து விளையாடியவர். முழங்காலில் பலத்த காயம் பட்டு விளையாட்டை விட வேண்டி வந்தபோது, பார்த்துக்கொண்டிருந்த வேலையையும் விட்டுவிட்டு ஒலிபரப்புத் துறையைப் படித்து இந்தத் தொழிலுக்கு வந்தார்.

அந்த அம்மா வாயைத் திறப்பதற்கு முன்னமே பத்திரிகைகளில் சண்டை தொடங்கிவிட்டது. அனுபவமுள்ள முன்னாள் முகாமையாளர் ஒருவர், ஒரு பெண் வர்ணனை செய்தால் அந்த நிகழ்ச்சியின் மதிப்பே போய்விடும் என்ற கருத்தில் பேசினார். கவனியுங்கள், அப்போது அவர் ஒரு சொல்லையும் கேட்டிருக்கவில்லை. சாப்பிட்டுப் பார்க்காமலே "உப்பு இல்ல" என்று சொல்லுகிற மாதிரி! ஆட்டம் முடிந்தது, நிகழ்ச்சி போனது, வானம் இடிந்து விழவில்லை.

பிறகு 2018ஆம் ஆண்டு ரஷ்யாவில் உலகக் கிண்ணம். ஜூன் 20ஆம் திகதி போர்த்துக்கல்லும் மொரோக்கோவும் ஆடின. ரொனால்டோ 4ஆவது நிமிடத்திலேயே கோல் போட்டார், அந்த ஒரு கோலால் போர்த்துக்கல் வென்றது. விக்கி ஸ்பார்க்ஸ் என்ற பெண் பி.பி.சி.யில் அந்த ஆட்டத்தை நேரடியாக வர்ணித்தார். உலகக் கிண்ண ஆட்டமொன்றைப் பிரித்தானியத் தொலைக்காட்சியில் நேரடியாக வர்ணித்த முதற் பெண் அவர்தான். அடுத்து என்ன நடந்தது? ஜேசன் கண்டி என்ற முன்னாள் வீரர் தொலைக்காட்சியில் தோன்றி, தொண்ணூறு நிமிஷம் கீச்சுக் குரலைக் கேட்க முடியாது, ஆண் குரல்தான் தமக்குப் பிடிக்கும் என்ற பொருளில் பேசினார். பலரும் கண்டித்த பிறகு மன்னிப்புக் கேட்டார்.

ஜேர்மனியில் இன்னும் மோசம். கிளவுடியா நொய்மன் என்பவர் 2016இல் ஐரோப்பியக் கிண்ண ஆண்கள் ஆட்டங்களை வர்ணித்தார், 2018இல் உலகக் கிண்ண ஆட்டங்களையும் வர்ணித்தார். இரண்டு முறையும் சமூக வலைத்தளங்களில் அவர்மீது வசைமாரி பொழிந்தார்கள். ஆட்டத்தைப் பற்றியல்ல, அவர் பெண் என்பதைப் பற்றி. எழுதக்கூடாததை எல்லாம் எழுதினார்கள். 2018இல் அவர் வேலை செய்த ஸெட்.டி.எப். தொலைக்காட்சி நிலையம் அப்படி எழுதிய இருவர்மீது சட்டப்படி முறைப்பாடு செய்யும் அளவுக்குப் போய்விட்டது.

சரி, எதிர்ப்பவர்கள் சொல்லுகிற நியாயம்தான் என்ன? இரண்டு நியாயம் சொல்லுகிறார்கள். இரண்டையும் எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது, குரல். "பொம்பளக் குரல் காதுக்கு ஒத்து வரல்ல." இதை நாம் நம்ப வேண்டுமா? இலங்கை வானொலியில் இராஜேஸ்வரி சண்முகம் அவர்களின் குரலைக் கேட்பதற்காகவே வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் இந்த மலைநாட்டில் எத்தனை பேர்! யாராவது குரல் மெல்லிசு என்று பெட்டியை மூடினார்களா? செய்தி வாசித்தால் கேட்கிறோம், பாட்டுப் பாடினால் தலையாட்டுகிறோம், கோவிலில் தேவாரம் பாடினால் கை கூப்புகிறோம். பந்தைப் பற்றிச் சொன்னால் மட்டும் காது வலிக்கிறதென்றால் அது குரலின் குற்றமல்ல. இன்னொன்றும் பாருங்கள். கோல் விழுந்தவுடனே ஆண் வர்ணனையாளர் என்ன செய்கிறார்? தொண்டை கிழியக் கத்துகிறார். அந்த நேரத்தில் அவருடைய குரலும் உச்சிக்குத்தான் போகிறது. அதை "என்ன உற்சாகம்" என்கிறோம். பெண் அதையே செய்தால் "கீச்சுக் குரல்" என்கிறோம். வித்தியாசம் தொண்டையில் இல்லை, கேட்பவருடைய பழக்கத்தில் இருக்கிறது.

இரண்டாவது, அனுபவம். "ஆண்களோடு விளையாடாதவளுக்கு என்ன தெரியும்?" இது கேட்பதற்குக் கொஞ்சம் நியாயம் போலத் தோன்றும். ஆனால் இங்கிலாந்தின் மிகப் புகழ்பெற்ற வர்ணனையாளர்களில் ஒருவரான ஜோன் மோட்சன் பெரிய அணி எதற்கும் ஆடியவரல்ல. பத்திரிகை நிருபராகத் தொடங்கியவர். பல பத்து வருஷம் வர்ணனை செய்தார். "நீ எங்கே விளையாடினாய்?" என்று கேட்டு அவரை யாரும் ஒலிவாங்கியிலிருந்து இறக்கவில்லை.

அதைவிடப் பெரிய கதை ஒன்று இருக்கிறது. தொழிலாளரான நாம் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். முதலாம் உலக யுத்த காலத்தில் இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் டிக் கெர் என்ற தொழிற்சாலையில் பெண்கள் வெடிகுண்டுச் சாமான்கள் செய்தார்கள். 1917இல் அந்தத் தொழிலாளப் பெண்கள் சேர்ந்து ஓர் உதைபந்தாட்ட அணி அமைத்தார்கள். 1920ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி லிவர்பூல் நகரில் அவர்கள் ஆடிய ஓர் ஆட்டத்தைப் பார்க்க ஐம்பத்து மூவாயிரம் பேர் வந்தார்கள். மைதானம் நிறைந்து பலர் வெளியே நின்றார்கள். சேர்ந்த பணம் தருமத்துக்குப் போனது.

அதற்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? மறு வருஷமே, 1921 டிசம்பர் 5ஆம் திகதி, இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் 'இந்த விளையாட்டு பெண்களுக்கு ஏற்றதல்ல' என்று தீர்மானம் போட்டது. தன் கீழ் உள்ள கழகங்களின் மைதானங்களைப் பெண்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று தடை விதித்தது. ஏறக்குறைய ஐம்பது வருஷம் அந்தத் தடை இருந்தது. ஜேர்மனியிலும் 1955இலிருந்து 1970 வரைக்கும் இப்படி ஒரு தடை. பிரேஸிலில் 1941இலிருந்து 1979 வரைக்கும் சட்டமே போட்டுத் தடுத்தார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். முதலில் மைதானத்தைப் பூட்டினார்கள். சாவியை ஐம்பது வருஷம் மடியிலே கட்டிக்கொண்டார்கள். பிறகு அந்தப் பெண்களுடைய பேத்திமாரைப் பார்த்து, "நீ விளையாடலியே, உனக்கு என்ன தெரியும்" என்று கேட்கிறார்கள். இது என்ன நியாயம்?

இன்னொரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். இது வர்ணனையாளரைப் பற்றியதல்ல, எல்லைக்கோட்டில் கொடி பிடிக்கும் உதவி மத்தியஸ்தரைப் பற்றியது. 2011 ஜனவரி 22ஆம் திகதி வூல்வ்ஸ் அணியும் லிவர்பூல் அணியும் ஆடின. சியான் மாசி என்ற 25 வயதுப் பெண் கொடி பிடித்தார். ஸ்கை தொலைக்காட்சியின் பிரபலங்களான அன்டி கிரேயும் ரிச்சர்ட் கீஸும், தங்கள் பேச்சு வெளியே போகாது என்ற நினைப்பில், பெண்களுக்கு ஓப்சைட் சட்டம் எங்கே விளங்கும் என்ற மாதிரிக் கேலி பேசினார்கள். அன்றைய ஆட்டத்திலேயே லிவர்பூல் போட்ட ஒரு கோலுக்கு ஓப்சைட் பிரச்சினை வந்தது. அந்தப் பெண் கொடியைத் தூக்கவில்லை. படத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். மயிரிழையில் அவர் சொன்னதே சரி! கேலிப் பேச்சு வெளியே வந்தது. ஒருவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார், மற்றவர் தாமே விலகினார்.

இதிலே ஒரு பாடம் இருக்கிறது. அந்தப் பெண் பதிலுக்குச் சண்டை போடவில்லை. தன் வேலையைச் சரியாகச் செய்தார். ஆனால் இன்னொன்றையும் கேளுங்கள். அன்றைக்கு அவருடைய தீர்ப்புப் பிழைத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? "பாத்தியா, பொம்பளைங்களுக்கே இது சரிவராது" என்றிருப்பார்கள். ஆண் பிழை விட்டால் அது அந்த ஒருவருடைய பிழை. பெண் பிழை விட்டால் அது பெண் குலத்தின் பிழை. இந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டுதான் ஒவ்வொரு முதற் பெண்ணும் மேடை ஏறுகிறாள்.

பெண்கள் சொல்வதெல்லாம் சரி என்று நாம் சொல்ல வரவில்லை. ஒருவருடைய வர்ணனை பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லலாம். பெயரை மாற்றிச் சொன்னார், ஆட்டத்தைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று சுட்டிக்காட்டலாம். அது விமர்சனம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே படி வைத்து அளந்தால் போதும்.

காலம் மாறியும் வருகிறது. 2021இல் நடந்த ஐரோப்பியக் கிண்ணத்தில் பெண்கள் அணிப் பயிற்சியாளரான எம்மா ஹேய்ஸ் ஆட்ட நுட்பங்களை விளக்கிப் பேசியதைக் கேட்டு, ஆண்களே பாராட்டினார்கள். பெண்கள் பந்தைத் தொடக்கூடாது என்று சட்டம் போட்ட அதே பிரேஸிலில், 2022 உலகக் கிண்ணத்தை ரெனாட்டா சில்வெய்ரா என்ற பெண் குளோபோ தொலைக்காட்சியில் வர்ணித்தார். கேட்கக் கேட்கத்தான் காது பழகும்.

இனி எமது தோட்டத்துக்கு வருவோம்.

"உனக்கு என்ன தெரியும்?" இந்தக் கேள்வியை இங்கிலாந்தில் மட்டுமா கேட்கிறார்கள்? கொழுந்து நிறுக்கிற இடத்தில் "நிறை குறையுதே" என்று ஒரு பெண் கேட்டால் அதுதான் பதில். சங்கக் கூட்டத்தில் ஒரு தாய் எழும்பிச் சம்பளத்தைப் பற்றிப் பேசினால், "நீ உக்காரு, தலைவர் பேசட்டும்" என்கிறோம். கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். வெயிலும் மழையும் அட்டைக்கடியும் அவர்களுக்கு. அந்த வேலையைப் பற்றிப் பேசுகிற வாய் மட்டும் பெரும்பாலும் ஆண்களுடையது. பொம்பளைப் பிள்ளையைப் பாதியில் படிப்பை நிறுத்திக் கொழுந்துக்கு அனுப்பிவிட்டு, "படிக்காதவளுக்கு என்ன தெரியும்" என்று கேட்பதும், மைதானத்தைப் பூட்டிவிட்டு "நீ விளையாடலியே" என்று கேட்பதும் ஒன்றுதானே?

ஆகவே நாம் உங்களிடம் பெரிதாக எதையும் கேட்கவில்லை. இரண்டே இரண்டு காரியம்.

ஒன்று: தைப்பொங்கலுக்குத் தோட்டத்து மைதானத்தில் விளையாட்டுப் போட்டி வைப்பீர்கள். ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்ய எப்போதும் தம்பிமார்தான் நிற்பார்கள். வரும் பொங்கலுக்கு அந்த மைக்கைப் பாதி நேரம் ஒரு தங்கச்சியிடம் கொடுங்கள். முதல் பத்து நிமிஷம் தடுமாறுவாள். தம்பியும் முதல் நாள் தடுமாறியவன்தான். சிரிக்காமல் கேளுங்கள்.

இரண்டு: அடுத்த சங்கக் கூட்டத்தில் நிறையைப் பற்றியோ, பேரைப் பற்றியோ, பிள்ளை மடுவத்தைப் பற்றியோ ஒரு பெண் பேச எழும்பினால், அவர் பேசி முடிக்கும் வரைக்கும் யாரும் குறுக்கே பேசாதீர்கள். சொன்னது சரியா பிழையா என்று பிறகு விவாதிக்கலாம். முதலில் கேளுங்கள்.

தாய்மாரே, தங்கைமாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. மைக் கையில் வந்தால் "ஐயோ எனக்கு வேணாம்" என்று அடுத்தவளிடம் தள்ளிவிடாதீர்கள். வேலை தெரிந்தவர் நீங்கள். தெரிந்ததைச் சத்தமாகச் சொல்லுங்கள்.