அனுப்பிய மின்னஞ்சல் போய்ச் சேர்ந்ததா?

(ஓசூர்ப் பகுதியில் நடைபெற்ற பஞ்சாயத்துப் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நாம் வாழும் இப்பகுதி தனித்தன்மை உடையது. ஒருபுறம் ரோஜாத் தோட்டங்களும் தக்காளி வயல்களும் ராகிக் கொல்லைகளும் இருக்கின்றன. மறுபுறம் சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலைகள் நிற்கின்றன. ஜூஜூவாடியைக் கடந்தால் அத்திப்பள்ளி; அங்கே கர்நாடக மாநிலம் தொடங்கிவிடுகிறது. நிலமும் ஆலையும் இவ்வாறு அருகருகே அமைந்திருப்பதால், கடிதப் போக்குவரத்தும் இங்கு மிகுதி. நில எடுப்பு அறிவிப்புக்கு ஆட்சேபணை, ஆலைக்கு உதிரிப்பாகம் செய்து தரும் பட்டறையின் விலைப்புள்ளி, உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் கணக்கு, பஞ்சாயத்தின் வேலை மதிப்பீடு எனப் பலவும் இன்று மின்னஞ்சல் மூலமாகவே செல்கின்றன. இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு உண்டு. கெடு தவறினால், நியாயம் நம் பக்கம் இருந்தும் பயன் இல்லாமற் போகும்.

ஆதலின், மின்னஞ்சல் போகாமல் நின்றுவிட்டால் அதை எவ்வாறு கண்டறிவது, எவ்வாறு சரிசெய்வது என்பதையே இன்று பேச எடுத்துக்கொண்டேன்.

‘அனுப்பிவிட்டேன்’ என்று சொல்வது எளிது. பொத்தானை அழுத்தியவுடன் கடிதம் திரையிலிருந்து மறைந்துவிடுகிறது; போய்விட்டது என்று நாமும் எழுந்துவிடுகிறோம். ஆனால், மறைந்தது வேறு, சென்றது வேறு. சட்டமும் இவ்வேறுபாட்டைக் காண்கிறது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்வது யாதெனில், இரு தரப்பாரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தாலன்றி, ஒரு மின்னணுப் பதிவு அனுப்புபவரின் கட்டுப்பாட்டுக்கு வெளியே உள்ள கணினி அமைப்பில் நுழையும்போதுதான் அனுப்பப்பட்டதாகும். நம் கைப்பேசியின் அவுட்பாக்சில் தங்கிக் கிடக்கும் கடிதம், எழுதி உறையிலிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட கடிதத்துக்குச் சமம். அதைத் தபாலில் சேர்த்ததாக யாரும் ஒப்பமாட்டார்கள் அன்றோ?

மின்னஞ்சல் செல்லும் வழியைச் சிறிது தெரிந்துகொண்டால் பழுதைத் தேடுவது சுலபம். 1971-இல் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு வலைப்பின்னல் வழியே கடிதம் அனுப்பிக் காட்டினார். கணினிகள் தமக்குள் கடிதத்தைக் கைமாற்றிக்கொள்ளும் ஒழுங்கு 1982-இல் வகுக்கப்பட்டது, அதை எஸ்.எம்.டி.பி. என்பார்கள். நம் நாட்டில் 1995 ஆகஸ்டு 15 முதல் பொதுமக்களுக்கு இணைய வசதி கிடைத்தது. காலம் மாறினும் வழி அதேதான். நம் கருவியிலிருந்து கடிதம் முதலில் நம் மின்னஞ்சல் நிறுவனத்தின் சர்வருக்குச் செல்கிறது. அது நம் ஊர்த் தபாலாபீஸ் போன்றது. அங்கிருந்து பெறுபவரின் சர்வருக்குப் போய், பின் அவருடைய பெட்டியில் விழுகிறது. எந்த இடத்தில் நின்றது என்று கண்டால், பாதி வேலை முடிந்தது.

முதலில் அவுட்பாக்சைத் திறந்து பாருங்கள். கடிதம் அங்கேயே இருப்பின், அது நம் கையை விட்டே போகவில்லை. பெரும்பாலும் இணைய இணைப்பே காரணமாக இருக்கும். எல்லையோரக் கிராமங்களில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. நம் கைப்பேசி சில வேளைகளில் கர்நாடகப் பக்கத்துக் கோபுரத்தைப் பற்றிக்கொள்கிறது. ‘டேட்டா ரோமிங்’ நிறுத்தி வைக்கப்பட்டிருந்தால், கோபுரம் மாறியவுடன் இணையம் நின்றுவிடக்கூடும். அமைப்புப் பகுதியில் அதைத் திறந்து வையுங்கள். அல்லது பஞ்சாயத்து அலுவலகத்திலோ இ-சேவை மையத்திலோ உள்ள இணைப்பைப் பயன்படுத்துங்கள். பொத்தானைப் பத்து முறை அழுத்துவதால் ஆவது ஒன்றுமில்லை. பின்னர் இணைப்பு வந்ததும் ஒரே கடிதம் பத்தாகப் போய்ச் சேரும்.

இரண்டாவதாக, கடிதத்தின் பாரத்தைப் பாருங்கள். பட்டா, சிட்டா, வரைபடம் ஆகியவற்றைக் கைப்பேசியில் படமெடுத்து இணைக்கிறோம். ஒவ்வொரு படமும் பல மெகாபைட் இருக்கும். ஜிமெயில் ஒரு கடிதத்துக்கு 25 மெகாபைட் வரை இணைப்பை ஏற்கிறது. வேறு சில சர்வர்களின் வரம்பு இதினும் குறைவு. மேலும், இணைப்புகள் வழியில் செல்வதற்காக எழுத்து வடிவமாக மாற்றப்படும்போது பாரம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. ஆதலின், படங்களைச் சேர்த்து ஒரே பி.டி.எஃப். கோப்பாக, அளவைச் சுருக்கி அனுப்புவது நலம். நம் பெட்டி நிரம்பியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். கூகுள் இலவசமாக அளித்துவரும் 15 ஜிகாபைட் இடத்தைக் கடிதங்களும் கைப்பேசிப் படங்களும் பங்கிட்டுக்கொள்கின்றன. அது நிரம்பினால் கடிதம் வருவதும் போவதும் நின்றுவிடும். திருவிழாப் படங்கள் இடத்தை அடைத்துக்கொண்டு ஆட்சேபணைக் கடிதத்தை மறிக்கலாமா? வேண்டாதவற்றை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள்.

மூன்றாவது, சர்வர் நம்மை அடையாளம் காண மறுப்பது. கணினியில் அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்ற நிரல்கள் வழியே அனுப்பும் அலுவலகங்களில் இது நேர்வதுண்டு. 535 என்ற எண்ணுடன் செய்தி வந்தால், பெயரோ கடவுச்சொல்லோ ஏற்கப்படவில்லை என்று பொருள். வெறும் பெயரும் கடவுச்சொல்லும் கொண்டு வேறு நிரல்கள் உள்ளே நுழைவதைத் தனியார் ஜிமெயில் கணக்குகளுக்கு 2022 மே 30 முதல் கூகுள் நிறுத்தத் தொடங்கியது. பழைய நிரல் வைத்திருப்போர் இருபடிச் சரிபார்ப்பை ஏற்படுத்தி, 16 எழுத்துள்ள ‘ஆப் பாஸ்வேர்ட்’ பெற்று அதை இட வேண்டும். நிரலில் அனுப்பும் வாயில் எண் 25 என்று இருப்பின், 587 அல்லது 465 என்று மாற்றுங்கள். குப்பைக் கடிதங்களைத் தடுக்கும் பொருட்டுப் பல இணைய நிறுவனங்கள் 25-ஆம் வாயிலை அடைத்துவைத்துள்ளன. கணினியின் தேதியையும் பாருங்கள். உள்ளிருக்கும் சிறு பாட்டரி தீர்ந்தால் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். தேதி தவறிய கணினியால் சர்வரின் பாதுகாப்புச் சான்றைச் சரிபார்க்க இயலாது. அதனால் இணைப்பே கிடைக்காமற் போகும். தேதியைத் திருத்திய மாத்திரத்தில் கடிதம் ஓடிவிடுவதைக் காணலாம்.

நான்காவது, கடிதம் நம் சர்வரைத் தாண்டிச் சென்று, பெறுபவரின் வாசலில் திருப்பப்படுவது. அப்போது ‘மெயிலர் டீமன்’ என்ற பெயரில் ஆங்கிலத்தில் ஒரு பதில் வரும். ஏதோ விளம்பரம் என்று எண்ணி அதை அழித்துவிடுவோர் உண்டு. அழிக்கலாகாது, தபால்காரர் உறையின்மேல் ‘விலாசதாரர் இல்லை’ என்று எழுதித் திருப்பித் தருவது போன்ற குறிப்பு அது. அதிலுள்ள மூன்றிலக்க எண்ணைத் தேடுங்கள். எண் 4-இல் தொடங்கினால் தடை தற்காலிகமானது. சர்வரே மீண்டும் மீண்டும் முயலும். அந்த முயற்சி சில நாட்கள்கூட நீடிக்கும் என்பதால், நாளை கெடு முடிகிறதென்றால் காத்திருத்தல் கூடாது. எண் 5-இல் தொடங்கினால் அக்கடிதம் அவ்வாறே போகாது. குறையைத் திருத்தி மறுபடியும் அனுப்ப வேண்டும். 550 என்றால் பெரும்பாலும் முகவரி தவறு. ஓர் எழுத்து விடுபட்டாலும், புள்ளிக்குப் பதில் காற்புள்ளி விழுந்தாலும், ‘காம்’ என்பது ‘கான்’ ஆனாலும் கடிதம் சேராது. 552 என்றால் பாரம் மிகுதி, அல்லது அவருடைய பெட்டி நிரம்பிவிட்டது.

இவை எதுவும் இல்லாமல், ‘சென்ட்’ பகுதியில் கடிதம் இருந்தும் பதில் வரவில்லையெனில், அது பெறுபவரின் ‘ஸ்பேம்’ பகுதியில் விழுந்திருக்கலாம். தொலைபேசியில் கேட்டு, பார்க்கச் சொல்லுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மின்னஞ்சல் பழுதென்று இணையத்தில் தேடி, அங்கே கிடைக்கும் ஏதோ ஓர் ‘உதவி எண்’ணுக்குப் பேசாதீர்கள். கடவுச்சொல்லையும் ஓ.டி.பி. எண்ணையும் எவரிடமும் சொல்லாதீர்கள். வஞ்சிக்கப்பட்டுப் பணம் இழந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

இனி, நடைமுறைக்கு வருவோம். நில எடுப்பு அறிவிப்பு வந்தால், அதைக் கடைசி வரி வரை படியுங்கள். ஆட்சேபணையை எத்தனை நாளுக்குள், யாரிடம், எவ்வகையில் தர வேண்டும் என்று பாருங்கள். மின்னஞ்சல் ஏற்கப்படும் என்று அதில் இல்லையெனில், மின்னஞ்சலை மட்டும் நம்பியிருத்தல் தகாது. நேரில் கொடுத்துத் தேதியிட்ட ஒப்புதல் பெறுங்கள். அல்லது விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மின்னஞ்சல் ஏற்கப்படும் இடங்களிலும் கெடுவுக்கு இரண்டு நாள் முன்னதாகவே அனுப்புங்கள். ‘கிடைத்ததற்கு ஒரு வரி பதில் தருக’ என்று முடிவில் கேளுங்கள். பதில் வராவிடில் மறுநாளே விசாரியுங்கள்.

பஞ்சாயத்து அலுவலகங்களில் தபால் அனுப்பியதைப் பதிவேட்டில் எழுதும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. மின்னஞ்சலுக்கும் அவ்வாறே ஒரு பதிவேடு வைத்தல் வேண்டும். நாள், நேரம், முகவரி, பொருள், ‘சென்ட்’ பகுதியில் பார்த்தாயிற்றா, திரும்பி வந்ததா, ஒப்புதல் கிடைத்ததா என்று ஏழு கட்டங்கள் போதும். எழுத நேரம் மிகக் குறைவு. எழுதாமல் விட்டால் ஒரு குடும்பத்தின் நிலமோ, ஒரு பட்டறையின் ஆறு மாத வேலையோ போகக்கூடும். எழுதப் படிக்கத் தெரியாத முதியவர் ஒருவர் தம் மனுவை அனுப்பித் தரும்படி வந்து கேட்டால், அனுப்பியதோடு நில்லாமல், அது சேர்ந்ததா என்று பார்த்து அவரிடம் சொல்லும் பொறுப்பையும் நம் பஞ்சாயத்துகளும் படித்த இளைஞர்களும் ஏற்க வேண்டும்.

நம் மக்களின் குரல் உரிய இடத்துக்கு உரிய நாளில் போய்ச் சேர வேண்டும். அதற்கு இச்சிறு கவனம் உதவுமென்று நம்பி, என் உரையை முடிக்கிறேன்.