தேனீப் பெட்டி வாங்கும் முன் அடிமட்டத்தைக் கையில் எடுங்கள்

(புளியங்குளத்தில் நடந்த கூட்டத்தில் எமது நலன்புரி உத்தியோகத்தர் பேசியதன் எழுத்து வடிவம். பேசிய மாதிரியே தந்திருக்கிறோம்.)



இந்த மண்டபத்தில் பாதிப்பேர் மலைநாட்டில் கொழுந்து எடுக்கிறவர்கள். மீதிப்பேர் அவர்களுடைய சொந்தக்காரர். 1958, 1977, 1983 என்று ஒவ்வொரு கலவரத்துக்குப் பிறகும் தோட்டத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். ஆகையால் குளிர் ஊருக்கும் சூட்டு ஊருக்கும் சேர்த்துத்தான் நான் இன்றைக்குப் பேச வேண்டும்.

தேன் நல்லது, மருந்து என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அது உங்கள் பாட்டிமாருக்கே தெரியும். நான் பேச வந்தது பெட்டியைப் பற்றி. ஏனென்றால் தேனீ வளர்ப்பில் நம்முடைய சனங்களின் காசு முதலில் போவது பெட்டிக்குத்தான். பல பேருக்கு அது அங்கேயே போய்விடுகிறது, திரும்பி வருவதில்லை. யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகு இந்தப் பக்கத்தில் வாழ்வாதார உதவி என்று கோழி கொடுத்தார்கள், ஆடு கொடுத்தார்கள், சில இடங்களில் தேனீப் பெட்டியும் கொடுத்தார்கள். இப்போது போய்ப் பார்த்தால் சில வீட்டில் அந்தப் பெட்டிக்குள் கோழி அடை கிடக்கிறது. தோட்டத்திலும் அப்படித்தான், லயத்துக் கோடியில் விறகோடு விறகாகக் கிடக்கிறது. கேட்டால், "ஈ நிக்கல்லீங்க ஐயா, ஓடிப்போச்சு" என்கிறார்கள். அது ஏன் ஓடியது என்று யாரும் பார்ப்பதில்லை.

இந்த மேசையில் மூன்று பெட்டி வைத்திருக்கிறேன். மூன்றும் மூன்று இடத்தில் காசு கொடுத்து வாங்கியவை. யாரிடம் வாங்கினேன் என்று சொல்லமாட்டேன், சண்டைக்கு வந்துவிடுவார்கள். முதலாவது, ஒரு மரக்காலையில் கதவு ஜன்னல் செய்கிற தச்சு பாஸ் செய்தது. இரண்டாவது, தேனீப் பெட்டி மட்டுமே செய்கிற மலைநாட்டுப் பட்டறை ஒன்றினுடையது. விலை முதலாவதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மூன்றாவது வெளிநாட்டு மாதிரி, பெரிசு, பார்க்க அழகு, வர்ணம் பூசி முத்திரை குத்தி வந்தது. விலை எல்லாவற்றிலும் கூட.

எது நல்லது என்று கேட்டால் எல்லோரும் மூன்றாவதைக் காட்டுகிறீர்கள். சரி, பார்ப்போம்.

முதலில் நம்முடைய ஈயைத் தெரிந்துகொள்ள வேண்டும். தோட்டத்தில் கொழுந்து எடுக்கும்போது கூட்டமாக வந்து கொட்டுகிறதே, அதை எல்லோரும் குளவி என்கிறோம். அதில் பாதி குளவியே இல்லை, பெரிய மலைத்தேனீ. அது உயர்ந்த கிளையிலும் பாறையிலும் வெளிச்சத்தில் ஒரே ஒரு அடை தொங்கவிடும். அதைப் பெட்டியில் வளர்க்க முடியாது. பெட்டிக்கு வருவது மரப்பொந்திலும் புற்றிலும் இருட்டில் இருக்கிற சின்ன ஈ. இந்தியத் தேனீ என்று புத்தகத்தில் எழுதுவார்கள். அது ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகப் பல அடை கட்டும். இரண்டு அடைக்கு நடுவில் தான் போய்வர ஒரு சந்து விடும். அந்தச் சந்துதான் இன்றைய பேச்சின் விஷயம்.

1851ஆம் ஆண்டு அமெரிக்காவில் லாங்ஸ்ட்ரோத் என்ற பாதிரியார் ஒருவர் இதைக் கவனித்தார். சந்து அளவாக இருந்தால் ஈ அதை வழியாக வைத்துக்கொள்ளும். அகலமாகிவிட்டால் அங்கே குறுக்கே அடை கட்டிவிடும், பிறகு சட்டத்தை வெளியே எடுக்க முடியாது. கத்தியால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும், குஞ்சும் தேனும் சேர்ந்து நாசம். குறுகிப்போனாலோ ஈ நுழைய முடியாது, மெழுகுப் பூச்சி அங்கே முட்டையிடும். இன்றைக்கு உலகத்தில் உள்ள சட்டப் பெட்டிகள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் செய்யப்படுகின்றன. ஆனால் அவர் பார்த்தது ஐரோப்பிய ஈ, பெரிய ஈ. நம்முடையது சின்னது. திருச்சிப் பக்கத்தில் இருந்த நியூட்டன் பாதிரியார் 1910களில் நம்முடைய ஈக்கென்றே ஒரு சிறிய பெட்டியைக் கொண்டுவந்தார். அதன் குஞ்சு அறைச் சட்டத்தின் உள்ளளவு 8¼ அங்குல நீளம், 5¾ அங்குல உயரம். வழக்கமாக 7 சட்டம். மேலே வைக்கிற தேன் அறைச் சட்டம் அதில் ஏறக்குறைய பாதி உயரம்.

இப்போது அடிமட்டத்தை எடுப்போம். தம்பி, மூன்றாவது பெட்டியின் சட்டத்தை அளந்து சத்தமாகச் சொல்லுங்கள். மேல் கட்டை 19 அங்குலம்! பார்த்தீர்களா, இது லாங்ஸ்ட்ரோத் பெட்டி. ஐரோப்பிய ஈக்குச் செய்தது. நல்ல மரம், நல்ல வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நம்முடைய கூட்டத்தை இதற்குள் விடுவது, புருஷன் பெண்சாதி இரண்டு பேரைத் தேயிலை ஸ்டோரில் குடிவைக்கிற மாதிரி. நுவரெலியாக் குளிரில் அவ்வளவு இடத்தைச் சூடாக்க அதனால் முடியாது. குஞ்சு வளர 34, 35 பாகை செல்சியஸ் சூடு வேண்டும், அந்தச் சூட்டை ஈதான் தன் உடம்பால் கொடுக்கிறது. அதோடு இதில் இரண்டு அடையின் நடுவுக்கு நடு 35 மில்லிமீற்றர், நம்முடைய ஈக்கு 31, 32 போதும். பெட்டியோடு அச்சுப் போட்ட மெழுகுத் தாளும் கொடுப்பார்கள். அதன் அறுகோணக் கண்ணும் பெரிய ஈயின் அளவு. ஆக, எல்லாவற்றிலும் கூடிய விலை கொடுத்து வாங்கிய இந்தப் பெட்டிதான் இங்கே எல்லாவற்றிலும் உதவாதது. வேறு நாட்டில் வேறு ஈக்கு இது தங்கம்.

மற்ற இரண்டும் நியூட்டன் மாதிரி. தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி. வித்தியாசம் எப்படித் தெரியும்? அடிமட்டம் இல்லாதவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். பிள்ளையின் பள்ளிக்கூடப் பென்சில் ஒன்றைக் கொண்டுபோங்கள். சாதாரணப் பென்சில் 7 மில்லிமீற்றர் தடிப்பு. சட்டத்தை உள்ளே போட்டு, சட்டத்தின் பக்கக் கட்டைக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவில் பென்சிலை விடுங்கள். பென்சில் போக வேண்டும், சுண்டுவிரல் போகக் கூடாது. மேல் கட்டைகளுக்கு நடுவிலும் அதே மாதிரி. இரண்டாவது பெட்டியில் எல்லா இடத்திலும் பென்சில் போகிறது, விரல் போகவில்லை. முதலாவதில் ஒரு பக்கம் பென்சிலே நுழையவில்லை, மறுபக்கம் என் பெருவிரல் போகிறது. அந்த பாஸ் கெட்டவர் இல்லை. கதவு நிலை செய்கிறவருக்கு ஒரு நூல் முன்னே பின்னே இருந்தால் சீவிச் சரிபண்ணலாம், ஈக்கு அது பொருந்தாது, அவ்வளவுதான்.

இன்னொன்று பாருங்கள். முதலாவது பெட்டியின் ஒரு சட்டத்தை எடுத்து இரண்டாவதில் போடுகிறேன். தொங்கவில்லை, உள்ளே விழுகிறது. ஒரு பெட்டியை இங்கேயும் அடுத்ததை அங்கேயும் வாங்கினால் இதுதான் நடக்கும். கூட்டம் பெருகும்போது பாதிச் சட்டத்தை எடுத்து அடுத்த பெட்டியில் வைத்துத்தான் பிரிக்க வேண்டும். தேன் எடுக்கிற சுழற்று இயந்திரத்திலும் சட்டம் பொருந்த வேண்டும். ஆகவே ஒரு தோட்டத்தில், ஒரு கிராமத்தில் எல்லோருடைய பெட்டியும் ஒரே அளவாக இருப்பது முக்கியம். நான் கேட்டால், பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரே இடத்தில் வாங்குங்கள் என்பேன். விலைக்கழிவும் கேட்கலாம்.

மூட்டைப் பாருங்கள். ஐரோப்பிய ஈ மரப்பிசினைக் கொண்டுவந்து பெட்டியின் வெடிப்பை அடைத்துவிடும். நம்முடைய ஈ பிசின் சேர்ப்பதில்லை. பலகையில் நீங்கள் விட்ட வெடிப்பு அப்படியே இருக்கும். எறும்பும் மெழுகுப் பூச்சியும் அதனால்தான் வரும். பெட்டியை வெயிலுக்கு நேரே தூக்கி உள்ளே பாருங்கள். வாசல் தவிர வேறெங்கும் வெளிச்சக் கோடு தெரிந்தால் விலையைக் குறைக்கச் சொல்ல வேண்டாம், வாங்கவே வேண்டாம்.

பச்சைப் பலகையும் அப்படித்தான். ஒரு வெயில் காலத்தில் முறுக்கிக்கொள்ளும். நகத்தால் கீறிப் பாருங்கள், ஈரம் தெரியும். முகர்ந்தும் பாருங்கள். பூச்சிமருந்து, கறையான் எண்ணெய், புது வர்ணத்தின் நாற்றம் உள்ளே இருந்தால் ஈ தங்காது. வர்ணம் வெளியே மட்டும். இங்கே வன்னியில் வெள்ளை அல்லது வெளிர் நிறம் நல்லது. சூடு ஏறினால் மெழுகு இளகி அடை அறுந்து விழும், அதனால் பெட்டி மரநிழலில்தான் இருக்க வேண்டும். மலைநாட்டிலோ மழையும் மூடுபனியும்தான் எதிரி. மூடியின் மேல் தகரம் அடித்திருக்க வேண்டும், அது பெட்டியை விட வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பலகை முக்கால் அங்குலத்துக்குக் குறைந்தால் இரண்டு ஊருக்கும் சரிவராது.

காசுக் கணக்குக்கு வருவோம். பெட்டி விலையை ரூபாயில் நினைக்காதீர்கள், போத்தலில் நினையுங்கள். 750 மில்லி லீற்றர் போத்தலில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகத் தேன் பிடிக்கும். நம்முடைய ஈ ஒரு வருடத்தில் தருவது சில கிலோதான். பீப்பாய் பீப்பாயாக வரும் என்று சொல்லி விற்கிறவனை நம்ப வேண்டாம். பெட்டி விலை 5 போத்தல் தேனுக்குச் சமம் என்று வையுங்கள். ஈ நின்றால் ஒன்றிரண்டு வருடத்தில் முதல் வந்துவிடும், பெட்டி அதற்குப் பிறகும் பல வருடம் உழைக்கும். பாதி விலைப் பெட்டியில் ஈ ஓடினால்? போனது பெட்டிக் காசு மட்டுமல்ல, ஈயும் போச்சு, அந்தப் பூக்காலமும் போச்சு. அரைப் பேர் போட்டாலே அந்த வாரக் கடைக் கணக்கு இடிக்கிற வீட்டில் இது பெரிய அடி.

பாவித்த பெட்டி மலிவாகக் கிடைக்கும். அதில் எனக்குப் பயம் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் 1920களில் ஒய்.எம்.சி.ஏ. மூலம் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் தேனீ வளர்ப்பைப் பரப்பினார். ஏழைச் சனங்கள் வீட்டுக்கு வீடு பெட்டி வைத்து முன்னேறினார்கள். 1991, 1992இல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் வந்து தென்னிந்தியா முழுவதும் பெரும்பாலான கூட்டங்களை அழித்துவிட்டது. குஞ்சு, தண்ணீர் நிரம்பிய பை மாதிரி ஆகிச் செத்துப்போகும். அதற்கு மருந்து இல்லை. ஆகவே பழைய பெட்டி விற்கிறவரிடம், முன்னே இருந்த ஈக்கு என்ன ஆனது என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் விட்டுவிடுங்கள். வாங்கினாலும் பழைய அடையை எரித்து, உட்பக்கத்தைச் சுரண்டி, நெருப்பில் வாட்டிய பிறகு வையுங்கள்.

(இந்த இடத்தில் ஒரு தாயார் எழுந்து, "தம்பி, பெட்டியோட ஈயும் சேத்துத் தாறேன்னு சொல்றாங்களே, வாங்கலாமா?" என்று கேட்டார்.)

வாங்கலாம் அம்மா, ஆனால் மூடியைத் திறந்து காட்டினால் மட்டும். நாலு சட்டமாவது ஈ மூடியிருக்க வேண்டும், கண்ணுக்குள் முட்டையும் குஞ்சும் தெரிய வேண்டும். முட்டை இருந்தால் ராணி இருக்கிறது. திறக்கமாட்டேன், கொட்டும் என்று சொல்கிறவரிடம் காசைக் கொடுக்காதீர்கள். பற்றுச்சீட்டும் வாங்குங்கள். ஈக்குக் காசு கொடுக்காமலும் வழி உண்டு. பழைய மண்முட்டி ஒன்றின் உள்ளே மெழுகு தடவி, மரக்கவட்டில் கவிழ்த்து வையுங்கள். கூட்டம் பிரிந்து பறக்கிற காலத்தில் தானாக வந்து குடியேறும். நம் நாட்டில் பழைய காலத்து வழி இது. பிறகு அளவான பெட்டிக்கு மாற்றலாம்.

எந்த இடத்தில் வைப்பது என்பதையும் ஒரு வார்த்தை. தேயிலையை நாம் கிள்ளிக்கொண்டே இருப்பதால் அது பூப்பதில்லை, ஈக்கு அதில் ஒன்றும் இல்லை. கருப்பந்தைல மரம், கோப்பி, கொய்யா, மரக்கறித் தோட்டம் உள்ள பக்கம் பாருங்கள். இங்கே பாலை, வேம்பு, முருங்கை, தென்னை என்று குறைவில்லை. கொழுந்து எடுக்கிற பாதையிலும் பிள்ளைகள் போகிற வழியிலும் பெட்டி வாசல் பார்க்கக் கூடாது. கொட்டி முகம் வீங்கி மூச்சு இழுத்தால் சுண்ணாம்பு தேடிக்கொண்டு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். எறும்புக்காகக் கால்களைத் தகரக் குவளையில் வைக்கும்போது தண்ணீர் ஊற்ற வேண்டாம், கழிவு எண்ணெய் ஊற்றுங்கள். இல்லாவிட்டால் தேனுக்குப் பதில் டெங்கு நுளம்பு வளர்ப்போம்.

ஏற்கனவே வீட்டில் பெட்டி கிடக்கிறவர்கள் அதை விறகாக்க வேண்டாம். பலகை நன்றாக இருந்தால் சட்டத்தை மட்டும் புதிதாகச் செய்யலாம். அகலமான பக்கத்தில் உள்ளே மெல்லிய பலகை ஒன்றை அறைந்து சந்தைக் குறைக்கலாம். தச்சு பாஸுக்கு வாயால் அளவு சொன்னால் போதாது, சரியான சட்டம் ஒன்றைக் கையில் கொடுத்து, இதே மாதிரி என்று சொல்லுங்கள். பண்டாரவளைப் பக்கம் இருப்பவர்கள் பிந்துனுவெவவில் உள்ள விவசாயத் திணைக்களத்தின் தேனீப் பிரிவுக்குப் போய்ப் பெட்டியை நேரில் பார்க்கலாம். தூரத்துத் தோட்டக்காரர்களுக்காக இந்த இரண்டாவது பெட்டியின் சட்டத்தைப் போல் சில சட்டங்கள் செய்ய ஏற்பாடு செய்திருக்கிறேன். ஒவ்வொரு தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவிலும் ஒன்று ஆணியில் தொங்கும். பெட்டி வாங்கப் போகிற அன்றைக்கு ஆயாவிடம் சொல்லி எடுத்துப் போங்கள், பின்னேரம் திரும்பக் கொண்டுவந்து மாட்டிவிடுங்கள், அடுத்த வீட்டுக்காரருக்கும் அது வேண்டும்.