எண்ணிப் பார்த்த பேராயர்

வேதாகமத்தின் ஒவ்வொரு வாக்கியமும் நடந்ததை நடந்தபடியே சொல்கிறது, அதில் ஒன்று பிசகினாலும் கிறிஸ்தவ விசுவாசம் நிலைக்காது என்ற எண்ணம் நம் சபைகளில் பலருக்கு விசுவாசத்தின் அடித்தளமாகவே தெரிகிறது. விசுவாசத்தின் மேல் பிற்காலத்தில் ஏற்றிவைக்கப்பட்ட சுமை அது என்பதே நான் இங்கே நிறுவ விரும்புவது. அந்தச் சுமையை இறக்கிவைத்தவர்கள் வேதத்தைக் கைவிட்டார்களா, முன்னிலும் கருத்தாகக் கேட்டார்களா என்பதை ஒருவருடைய வாழ்க்கையை வைத்துப் பார்ப்போம். அவர் ஜான் வில்லியம் கொலென்சோ. 1853இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஆங்கிலிக்கன் பேராயராக நியமிக்கப்பட்டவர். சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் 1860இல் தமிழ்க் கூலித் தொழிலாளரைக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோய் இறக்கியதே, அதே நேட்டால்.

கொலென்சோ அடிப்படையில் கணித ஆசிரியர். அவருடைய எண்கணிதப் பாடநூலில்தான் இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகள் கணக்குப் படித்தார்கள். நேட்டாலில் அவர் ஜூலு மொழியைக் கற்று, அகராதி தொகுத்து, வேதத்தை மொழிபெயர்க்க அமர்ந்தார். உடனிருந்து உதவியவர் வில்லியம் ங்கிடி என்ற ஜூலு கிறிஸ்தவர். நோவாவின் வெள்ளத்தைப் பற்றிய பகுதி வந்தபோது, வெப்ப நாட்டு விலங்கும் குளிர்நாட்டு விலங்கும் ஒரே பேழைக்கு வந்து சேர்ந்தது உண்மைதானா என்று ங்கிடி கேட்டார். யாத்திராகமத்தின் 21ஆம் அதிகாரத்தில், அடிபட்ட அடிமை ஓரிரு நாள் உயிரோடிருந்துவிட்டால் எஜமானுக்குத் தண்டனை இல்லை, அடிமை அவன் பணம்தானே என்ற சட்டத்தை மொழிபெயர்க்கும்போது, மனிதகுலத்தின் தகப்பனாகிய கடவுள் இப்படிச் சொல்லியிருப்பாரா என்று அந்த உதவியாளர் கொதித்துப்போனதையும் கொலென்சோ பதிவு செய்திருக்கிறார். இரண்டு கேள்விகளில் இரண்டாவதே கனமானது என்பது என் துணிபு. முதலாவது அறிவின் கேள்வி. இரண்டாவதை எழுப்பியதோ, அந்த வேதமே கற்றுக்கொடுத்த கடவுளைப் பற்றிய நம்பிக்கை.

விடையாகக் கொலென்சோ 1862இல் வெளியிட்டது, மோசேயின் ஐந்து ஆகமங்களையும் யோசுவாவின் நூலையும் ஆராயும் நூலின் முதற்பகுதி. அதில் அவர் தம் பழைய தொழிலின்படியே கணக்குப் போட்டார். எண்ணாகமத்தின்படி யுத்தத்துக்குத் தகுதியான ஆண்கள் 6,03,550 பேர்; முதற்பேறான ஆண்கள் 22,273 பேர் மட்டுமே. சிறுவரையும் சேர்த்து எண்ணினால், ஒவ்வொரு தாய்க்கும் சராசரியாக நாற்பதுக்கு மேற்பட்ட ஆண்மக்கள் இருந்திருக்க வேண்டும். இருபது லட்சத்தைத் தொடும் அந்தக் கூட்டத்தின் பலிகள் அனைத்தையும் செலுத்தியவர்கள் ஆரோனும் அவர் மகன்கள் இருவரும் மட்டுமே. இவை யாரும் மறைத்துவைத்த செய்திகள் அல்ல. எல்லோர் கையிலும் இருந்த வேதத்தில் இருந்த எண்களைத்தான் அவர் கூட்டிக் கழித்துக் காட்டினார். விளைவு கடுமையாக இருந்தது. 1863இல் கேப் டவுன் தலைமைப் பேராயர் ராபர்ட் கிரே அவரை விசாரித்துப் பதவிநீக்கம் செய்தார். அப்படி விசாரிக்கக் கிரேவுக்கு அதிகாரம் இல்லை என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1865இல் தீர்ப்பளித்தது. நேட்டால் சபை இரண்டாகப் பிளந்தது.

முன்னோர் விசுவாசத்தை அவர் மீறினார் என்பதே கிரே தரப்பின் குற்றச்சாட்டு. ஆனால் முன்னோர் எப்படி வாசித்தார்கள்? சூரியன் படைக்கப்படுமுன் மாலையும் காலையும் கொண்ட நாட்கள் எப்படி இருந்திருக்கும் என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிகன் கேட்டுவிட்டார். படைப்பின் ஆறு நாட்களை நாம் எண்ணும் நாட்களாக அகஸ்டின் கொள்ளவில்லை. வானையும் மண்ணையும் பற்றிக் கிறிஸ்தவர் வேதத்தின் பெயரால் அறியாமை பேசினால், விஷயம் தெரிந்த பிறர் விசுவாசத்தையே எள்ளுவார்கள் என்று எச்சரித்தவரும் அவரே. வேதம் பிழையற்றது என்ற கோட்பாட்டை அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ஹாட்ஜும் வார்ஃபீல்டும் கட்டுரையாக வகுத்தது 1881இல். சிகாகோவில் கூடியவர்கள் அதை அறிக்கையாக்கியது 1978இல். அந்தப் பிழையின்மைகூட மூலக் கையெழுத்துப் படிகளுக்கே உரியது என்பது அவர்கள் நிலைப்பாடு. அந்தப் படிகளோ இன்று ஒருவரிடமும் இல்லை.

வேதாகமத்தின் உள்ளேயே இதைவிட வலுவான சான்று இருக்கிறது. தாவீது ஜனங்களைத் தொகையிடும்படி ஏவியவர் கர்த்தர் என்கிறது இரண்டாம் சாமுவேல்; அதே நிகழ்ச்சியைத் திரும்பச் சொல்லும் நாளாகமம், ஏவியவன் சாத்தான் என்கிறது. கடவுள் தீமைக்குத் தூண்டுவாரா என்ற உறுத்தலால் பிந்தியவர் முந்தியவரைத் திருத்தி எழுதினார் என்பதைத் தவிர இதற்குப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தென்படவில்லை. மோவாபியன் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்று உபாகமம் தடுக்கிறது. ரூத்தின் கதையோ மோவாபியப் பெண்ணொருத்தியைத் தாவீதின் பூட்டியாக்குகிறது. வேதத்தை எழுதியவர்களே எழுத்துக்குக் கட்டுப்பட்டு நிற்கவில்லை. தங்களுக்குக் கிடைத்ததோடு அவர்கள் வாதாடினார்கள், அந்த வாதத்தை நமக்கும் விட்டுப்போனார்கள். ங்கிடியின் கொதிப்பு அந்த வரிசையில் சேர்கிறது.

ஒரு கல்லை உருவினால் சுவர் முழுதும் சரியும், பேழையை விட்டவன் உயிர்த்தெழுதலையும் விடுவான் என்பார்கள். வேதாகமம் பல நூற்றாண்டுகளில் பலர் எழுதிய நூல்களின் தொகுப்பு. சங்கீதமும் உவமையும் சட்டமும் கடிதமும் ஒரே வகையில் உண்மை சொல்வதில்லை. பேழையைப் பற்றிய கேள்வியும் கல்லறையைப் பற்றிய கேள்வியும் தனித்தனியே தத்தம் சான்றுகளோடு எடைபோடப்பட வேண்டியவை. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டுபவர்கள், எலும்புப் புதைபடிவம் ஒன்றைப் பார்த்த கல்லூரி மாணவர் கிறிஸ்துவையே விட்டுவிடும்படி செய்கிறார்கள். இயேசுவே மோசேயையும் நோவாவையும் மேற்கோள் காட்டினாரே என்பது இன்னும் கூர்மையான ஆட்சேபம். கொலென்சோ இதைத் தட்டிக்கழிக்கவில்லை. மெய்யாகவே மனிதரானவர் தம் காலத்து மனிதரின் அறிவையே கொண்டிருந்தார் என்றார். இயேசு ஞானத்தில் வளர்ந்தார் என்று லூக்கா எழுதியிருப்பதும், கடைசி நாள் தமக்குத் தெரியாது என்று அவரே சொன்னதாக மாற்கு எழுதியிருப்பதும் இதற்குத் துணை.

கொலென்சோவிடம் குறை இல்லாமல் இல்லை. கணக்கில் பிழை காட்டுவதால் யாருடைய ஆன்மா வளரும் என்று மாத்யூ ஆர்னால்ட் 1863இல் கேட்டது நியாயமான கேள்வி. அந்த முதற்பகுதியில் எண்கள் நிறைய, ஆறுதல் குறைவு. ஆனால் சாட்சியத்தைச் சோதிக்கும் அந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோயிற்று என்பதை ஆர்னால்ட் அப்போது பார்த்திருக்க முடியாது. 1873-74இல் ஹ்லூபி மக்களின் தலைவர் லங்காலிபலேலே கலகக்காரர் என்று குற்றம் சாட்டப்பட்டு, வழக்கறிஞர் துணையின்றி விசாரிக்கப்பட்டு, ராபன் தீவுக்கு அனுப்பப்பட்டார். அவருடைய ஆட்கள் அரசுத் தூதனின் ஆடையை முழுதும் உரிந்து அவமதித்தார்கள் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. கொலென்சோ ஆப்பிரிக்கச் சாட்சிகளைத் தேடி விசாரித்தார். முன்பொருமுறை பேச அழைத்த அதிகாரிகள் மறைத்துவைத்த துப்பாக்கியோடு வந்ததால் பயந்துபோயிருந்தவர்கள், தூதனின் மேலங்கியை மட்டுமே கழற்றச் சொன்னார்கள் என்று தெரியவந்தது. மோசேயின் ஆகமங்களை வாசித்த அதே கண்ணால் அரசாங்க அறிக்கையையும் வாசித்தார். 1874இல் லண்டன் சென்று வாதாடினார். ஆளுநர் திரும்ப அழைக்கப்பட்டார். குடியேறிய வெள்ளையரின் நட்பை மட்டும் கொலென்சோ இழந்தார்.

எழுத்தை விட்டவன் தனக்கு வசதியானதை மட்டும் வைத்துக்கொள்வான் என்ற கடைசி ஆட்சேபத்துக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. 1879 ஜனவரியில் இசாண்டில்வானாவில் ஜூலு படை பிரிட்டிஷ் படையை முறியடித்தது. மார்ச் 12 அன்று, காலனி முழுதும் தாழ்மையோடு ஜெபிக்கக் குறிக்கப்பட்ட நாளில், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பேராலயத்தில் கொலென்சோ பிரசங்கித்தார். பழிவாங்கத் துடித்த சபைக்கு முன், நீதியையும் இரக்கத்தையும் கேட்கும் மீகாவின் வசனத்தை எடுத்துக்கொண்டு, ஜூலுக்களிடம் நாம் நீதியாகவும் இரக்கமாகவும் நடந்தோமா என்று கேட்டார்; இறந்த ஜூலுக்களுக்காகவும் துக்கப்பட்டார். அவருக்கு வசதி எதையும் தராத வசனம் அது. அதை அவர் உருவகமாக்கி ஒதுக்கவில்லை. ஜூலு நாட்டைப் பற்றிய ஆவணங்களைத் தொகுத்து அச்சிடும் வேலையிலேயே இருந்தவர் 1883இல் இறந்தார். ஜூலு அரசர் தினுசுலு பின்னர் விசாரணைக்கு நிறுத்தப்பட்டபோது, அவருக்காக வாதாடும் பணியைக் கொலென்சோவின் மகள் ஹாரியட் ஏற்றார்.