இல்லந்தோறும் வெற்றிலைக் கொடி



வெற்றிலை இன்றித் தமிழர் இல்லத்தில் மங்கலம் இல்லை. இறைவனுக்குப் படைப்பதும், சம்பந்தம் பேசி முடிப்பதும், விருந்தினரை வழியனுப்புவதும் தாம்பூலத்தோடுதான். மலாய்க்காரரும் தம் திருமணச் சடங்கில் இவ்விலையைச் 'சீரே' என்று போற்றி வைக்கின்றனர். இதன் பிறப்பிடம் மலாயாவை உள்ளிட்ட தென்கிழக்காசியா என்பது தாவரவியலார் கருத்து. ஆகவே இக்கொடி தமிழரின் மரபுக்கும், அவர்கள் வந்து வேரூன்றிய மண்ணுக்கும் பொதுவானது.

தோட்டப்புறத்தில் கொல்லை இருந்தது. கொடி படர மரமும் இருந்தது. புக்கிட் பெருந்துங் போன்ற வீடமைப்புப் பகுதிகளில் வாசலே தோட்டம். ஆயினும் வெற்றிலைக்கு ஒரு தொட்டி போதும்.

நோயற்ற, முற்றிய கொடியில் நான்கைந்து கணுக்கள் கொண்ட துண்டை எடுத்து, இரண்டு கணுக்கள் மண்ணுள் புதையுமாறு நடுதல் வேண்டும். மக்கிய சாணமும் இலைமக்கும் கலந்த மண் நன்று. நண்பகல் வெயில் ஆகாது. காலை இளவெயிலும் பின்னர் நிழலும் உகந்தவை. ஈரம் வேண்டும், நீர் தேங்கலாகாது. தேங்கினால் கொடியின் அடி அழுகிவிடும். அடைமழைக் காலத்தில் தொட்டியின் அடித்துளை அடைபடாமல் காத்தல் இன்றியமையாதது. கணுக்களில் தோன்றும் பற்றுவேர்கள் பிடித்தேறத் தேங்காய் நார் சுற்றிய கம்பு ஒன்றை நட்டுவிடலாம். தமிழ்நாட்டுக் கொடிக்கால்களில் அகத்தி மரத்தில் ஏற்றுவர். அங்கே சோழவந்தான், ஆத்தூர் வெற்றிலைகள் 2023ஆம் ஆண்டிலும், கும்பகோணம் வெற்றிலை 2025ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு பெற்றன.

இலையைக் காம்போடு, கீழிருந்து பறித்து வருவது மரபு. நுனிக் கொழுந்தை விட்டுவைத்தால் கொடி மேலும் வளரும்.

இனிக் கசப்பான உண்மை ஒன்று. பாக்கோடு வெற்றிலை மெல்லும் வழக்கம், புகையிலை சேர்ந்தாலும் சேராவிட்டாலும் புற்றுநோய் விளைவிப்பது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் உறுதி செய்தது. மலேசியாவில் வாய்ப்புற்றுநோய் பிற இனத்தவரைவிட இந்தியரிடையே, குறிப்பாகப் பெண்களிடையே, மிகுதி. தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த மூதாட்டியர் பலருக்கு இப்பழக்கம் இன்றும் துணை. அவர்களைக் கடிந்துகொள்வதால் பயனில்லை. இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ வாயில் தெரிந்தால், பல் மருத்துவரிடம் உடனே அழைத்துச் செல்லுதலே பிள்ளைகளின் கடமை.

இலை இறைவன் திருமுன் இருக்கட்டும். கொடி வாசலில் தழைக்கட்டும். மெல்லும் வழக்கம் மட்டும் இத்தலைமுறையோடு நிற்கட்டும்.