ஓயாத நமைச்சல்

உடம்பில் நமைச்சல் கண்டால் படை, கரப்பான், கொசுக்கடி, ஒவ்வாத பண்டம் என்று நம் மனம் காரணம் தேடுகிறது. அநேகமாக அந்த யூகமும் சரியாகவே இருக்கிறது. வீட்டில் நாலு பேரும் சேர்ந்து இரவெல்லாம் சொறிந்தால், அது சிரங்குப் பூச்சியின் கைவரிசை என்று பெரும்பாலும் துணிந்து சொல்லிவிடலாம். ஆயினும், நிணநீர் மண்டலத்தில் தோன்றும் புற்றுநோயாகிய லிம்ஃபோமா, சிலரிடத்தில் தன் வரவை முதன்முதலில் சருமத்தின் வழியாகவே தெரிவிக்கிறது.

லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் பிரேதப் பரிசோதனை செய்துவந்த தாமஸ் ஹாட்ஜ்கின், நிணநீர் முடிச்சுகளாகிய நெறிகளும் மண்ணீரலும் விபரீதமாகப் பெருத்திருக்கக் கண்டு 1832-ல் எழுதிவைத்தார். பிற்காலத்தில் அவர் பெயராலேயே வழங்கலான அந்த லிம்ஃபோமா வியாதியில், கழுத்திலோ அக்குளிலோ வலியில்லாத கட்டி தட்டுப்படுவதற்குப் பல மாதங்கள் முன்னதாகவே சிலருக்கு அரிப்பு ஆரம்பித்துவிடுகிறது. இந்த அரிப்பின் விசேஷம், தோலில் தடிப்போ கொப்புளமோ இராமையே. நகம் கீறிய கோடுகளும் அவற்றின்மேல் உலர்ந்த ரத்தப் பொட்டுகளுந்தான் தெரியும். முதுகின் நடுவே, கை எட்டாத இடம் மாத்திரம் கீறலின்றிச் சுத்தமாக இருக்கும். சாதாரண ஒவ்வாமை மாத்திரைகளுக்கும் இது எளிதில் அடங்குவதில்லை. ஏனெனில் அந்த மாத்திரைகள் தடுக்கும் ஹிஸ்டமின் அல்லாத வேறு ரசாயனங்களே நரம்பு நுனிகளைக் கிளறுகின்றன என்று கருதுகிறார்கள்.

சருமத்திலேயே குடியேறும் லிம்ஃபோமாவும் உண்டு. பாரிஸில் செயின்ட் லூயி ஆஸ்பத்திரியின் வைத்தியர் அலிபேர் 1806-ல் கண்டது, நோய் முற்றி, தோல்மீது காளான்போல் கட்டிகள் எழும்பிய நிலை. ஆரம்பத்திலோ அது இடுப்பு, பிருஷ்டம், தொடை என வெயில் படாத இடங்களில், செதில் உதிரும் மெல்லிய படையாய், கரப்பானென்றே எவரும் நினைக்கும்படி வருஷக்கணக்கில் கிடக்கும். மருந்துக் கடையில் சீட்டின்றிக் கிடைக்கும் ஸ்டீராய்டு களிம்பைத் தடவினால் மங்கும். விட்டால் மறுபடி தலைதூக்கும். கேட்டவுடன் எடுத்துக் கொடுத்துவிடும் கடைக்காரரின் தாராளத்தை நான் உபகாரமாக எண்ணுவதில்லை. களிம்பு பட்ட தோலிலிருந்து துணுக்கு எடுத்துப் நுண்ணோக்கியில் பார்த்தாலும் நோயின் சாயல் மறைந்துபோகக் கூடுமாதலால், எதை எத்தனை நாள் பூசினோம் என்பதை வைத்தியரிடம் ஒளிக்கக் கூடாது. முதல் துணுக்கில் தெளிவு கிட்டாமல் இரண்டாவது, மூன்றாவது எடுக்க நேர்வதும் சகஜமே. ஆரம்பத்திலேயே கண்டுகொண்டவர்களில் பலர், இதோடுகூடவே நெடுங்காலம் சௌக்கியமாக வாழ்கிறார்கள்.

காரணம் புலப்படாத அரிப்பு ஆறு வாரங்களைக் கடந்தால் வைத்தியரிடம் போக வேண்டும். ஜுரமோ, படுக்கை நனையும் இரவு வியர்வையோ, ஆறு மாதத்துக்குள் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைவோ, நெறிக்கட்டோ சேர்ந்திருந்தால் அதுவரைகூடக் காத்திருக்கலாகாது. சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு ஆகியவற்றின் கோளாறுகளும் இரும்புச்சத்துக் குறைவும் இப்படி அரிப்பை உண்டாக்குமாதலால் முதலில் ரத்தத்தைச் சோதிப்பார்கள். மார்பெலும்புக்குப் பின்னால், விரலுக்கு அகப்படாமல் பெருத்திருக்கும் நெறிகளை எக்ஸ்ரே படம் காட்டிக்கொடுக்கும். ஹாட்ஜ்கின் நோயென்று உறுதிப்பட்டு மருந்து ஏற்றத் தொடங்கியதும், மாதக்கணக்கில் தூக்கத்தைக் கெடுத்த அரிப்பு பலருக்குச் சில நாட்களிலேயே ஓய்ந்துவிடுகிறது. குணமான பின் அது மீண்டும் எட்டிப்பார்த்தால், வியாதி திரும்பிற்றோவென்று வைத்தியர்கள் மறுபடியும் நெறிகளைத் தடவிப் பார்ப்பார்கள்.